ஊறவைக்கத் தேவையில்லை

நூற்றுப் பதினான்காவது தொட்டியில் ஒரு நீலப்பூ பூத்திருந்தது. அதைப் பார்த்ததும் வந்த கோபத்தில் பக்கத்திலிருந்த மண் வாளியை எட்டி உதைத்தேன். வாளிக்கு ஒன்றும் ஆகவில்லை. என் கட்டைவிரல்தான் வீங்கிப்போனது.

அந்தக் கண்ணாடி அறையில் முந்நூறு தொட்டிகள். தொட்டிக்கு ஒரு விதை. முந்நூறும் ஒரே மூட்டையிலிருந்து நானே எண்ணி எடுத்து ஊன்றியவை. எல்லாம் வெள்ளையாகப் பூக்க வேண்டியவை. அந்த வாரம் முடிவதற்குள் பதினேழு செடிகள் நீலமாகப் பூத்துவிட்டன. ஒவ்வொன்றிலும் சிவப்பு நூல் கட்டி அடையாளம் வைத்தேன். கட்டும்போதெல்லாம் வாய்க்கு வந்தபடி திட்டினேன். யாரை என்றால், முதலில் மற்றவர்களை. என் முறை கொஞ்சம் தாமதமாக வந்தது.

பூவின் நிறத்துக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன். இது கேசரிப் பருப்பு. மழை பெய்யாவிட்டாலும் விளையும், வயலில் தண்ணீர் தேங்கி நின்றாலும் விளையும். நூறு கிராமில் இருபத்தெட்டு கிராம் புரதம். கோதுமை தலைகீழாக நின்றாலும் அதில் பாதிதான் தேறும். மற்ற பயிரெல்லாம் கைவிட்ட வருடத்தில் இது மட்டும் நிற்கும். வில்லங்கமும் அங்கேதான். வேறு எதுவும் கிடைக்காமல் இதையே மூன்று நான்கு மாதம் தின்றால், இதிலிருக்கும் ஒரு நஞ்சு காலைப் பிடித்துக்கொள்ளும். முழங்கால் விறைக்கும், குதிகால் தரையில் படாது. அப்புறம் ஆயுளுக்கும் கோல்தான். மருந்து கிடையாது.

என் அண்ணனுக்கு அப்படித்தான் ஆனது. அப்போது அவனுக்குப் பத்தொன்பது, எனக்கு ஒன்பது. வயலில் பாடுபடுகிறவன் என்று அவன் தட்டில் இரண்டு பங்கு வைத்தார்கள். சின்னப் பெண்ணுக்கு இது போதும் என்று எனக்கு அரைப் பங்கு. அரை வயிற்றோடு கிடந்ததால்தான் இன்றைக்கு நான் நேராக நடக்கிறேன். இதற்குச் சந்தோஷப்படுவதா வெட்கப்படுவதா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

நான் வேலை பார்க்கும் ஆராய்ச்சி நிலையத்தில் பயறு டாக்டர் என்று ஒருவர் இருக்கிறார். ஊசி போடுகிற டாக்டர் இல்லை. ஒரு செடியின் மகரந்தத்தை எடுத்து இன்னொரு செடிக்கு வைத்து, முளைக்க வைத்து, கழித்து, மறுபடி வைத்து, பதினெட்டு வருடம் பாடுபட்டு நஞ்சு மிகக் குறைந்த ஒரு ரகத்தைக் கண்டுபிடித்தவர். பழைய ரகத்துக்கு நீலப்பூ, இவர் ரகத்துக்கு வெள்ளைப்பூ. இரண்டும் கலந்தால் பிறக்கிற செடி நீலமாகத்தான் பூக்கும். அந்த மரபணு அப்படி. ஆக, வெள்ளைச் செடியில் விளைந்த விதை முளைத்து நீலம் பூக்கிறது என்றால், பழைய வயலிலிருந்து தேனீ வந்துபோயிருக்கிறது. அதன் காலில் ஒட்டிக்கொண்டு பழைய நஞ்சும் வந்திருக்கிறது.

என் வேலை ஆய்வுக்கூடத்தில். விதையை மாவாக அரைத்து, சோடா மாதிரி ஒரு காரக் கரைசலில் கொதிக்கவைத்து, மேலே ஒரு மருந்தை விட்டால் குழாயில் மஞ்சள் நிறம் வரும். மஞ்சள் எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு நஞ்சு. பதினாறு வருடமாக இதே வேலை என்பதால் எனக்கு மஞ்சக்கா என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஓய்வு பெறப்போகிறவர்கள்கூட மஞ்சக்கா என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

தேனீ எப்படி வந்தது? நாங்கள்தான் கதவைத் திறந்துவிட்டோம்.

விதைக்காக வளர்க்கும் வயலின் மேல் கொசுவலை மாதிரி ஒரு வலைக் கூடாரம் போட்டிருப்போம். பூக்கும் காலத்தில் அதைத் திறக்கவே கூடாது. போன வருடம் பூ உச்சத்தில் இருந்தபோது, திட்டத்துக்கு உதவி செய்கிறவர்கள் பார்வையிட வந்தார்கள். விளம்பரப் பிரிவு அம்மாள் ஒரு புகைப்படக்காரரைக் கூட்டி வந்திருந்தார். அவர் இரண்டு படம் எடுத்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"பூவே தெரியல மேடம். புகை மூட்டம் மாதிரி இருக்கு. வலையைத் தூக்கினாத்தான் நல்லா வரும்."

டாக்டர் கொஞ்சம் தயங்கினார். பிறகு, "பத்து நிமிஷம்தானே, தூக்குங்க," என்றார்.

சிறப்பு விருந்தினரின் கார் வழியில் நின்றுபோனது. பத்து நிமிடம் மூன்று மணி நேரமானது. முப்பது அடி தள்ளி, ஒப்பிட்டுக் காட்டுவதற்காக நட்ட பழைய ரகம் நீலமாகப் பூத்துக் குலுங்கிக்கொண்டிருந்தது. தேனீக்கு என்ன, அழைப்பிதழா அடிக்க வேண்டும்? வலையின் ஒரு முனையை நான் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். சிரிக்கச் சொன்னார்கள். ஈயென்று சிரித்தேன்.

இதற்குப் பரிகாரம் இல்லாமல் இல்லை. வலை திறந்திருந்தபோது விரிந்திருந்த பூக்களை எல்லாம் கிள்ளிப் போட்டுவிட்டால் தீர்ந்தது. மொட்டுகளுக்கு ஆபத்தில்லை. இரண்டு பேர் உட்கார்ந்தால் இரண்டு மணி நேர வேலை. அன்று வெள்ளிக்கிழமை. நாலு அடிப்பதற்குச் சற்று முன் டாக்டர் என்னிடம், "நாளைக்குக் காலையில ஆளுங்களை விட்டுக் கிள்ளச் சொல்லிடறேம்மா. நீங்க நோட்டுல ஏத்திடுங்க," என்றார்.

எங்கள் நிலையத்தில் இது ஒரு வழக்கம். வயல் குறிப்பேடு வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு அலுவலகம் போய்ச் சேர வேண்டும். அதனால் சனிக்கிழமை செய்யப்போவதையும் வெள்ளிக்கிழமையே செய்ததாக எழுதிவிடுவோம். களை எடுக்கப்பட்டது, நீர் பாய்ச்சப்பட்டது என்று எழுதியிருக்கும். களையும் தண்ணீரும் மறுநாள்தான். பெரும்பாலும் நடந்துவிடும். நடக்காததை யாரும் பார்த்ததில்லை. நான் எழுதினேன்: "வலை திறந்த நேரத்தில் விரிந்திருந்த பூக்கள் அனைத்தும் நீக்கப்பட்டன." கீழே கையெழுத்துப் போட்டேன். நாலு இருபது பஸ்ஸைப் பிடித்து வீட்டுக்குப் போனேன்.

சனிக்கிழமை ஆட்களை விருந்தினர்களுக்காகப் போட்ட விழா மேடையைப் பிரிக்க அனுப்பிவிட்டார்கள். திங்கட்கிழமை நான் போய்ப் பார்த்தேனா என்று கேட்காதீர்கள். பார்க்கவில்லை. நோட்டில்தான் எழுதியாகிவிட்டதே.

அறுவடையான விதையை நான்தான் சோதித்தேன். எல்லாக் குழாயிலும் வெளிர் மஞ்சள். அதைப் பார்த்து எல்லோரும் கை கொடுத்துக்கொண்டார்கள். எனக்கே உறைக்காத விஷயம் ஒன்று அதில் இருந்தது. விதையில் இருக்கும் நஞ்சு பெரும்பாலும் தாய்ச்செடி அனுப்பியது. தாய் நல்லது என்றால், தகப்பன் யாராக இருந்தாலும் அந்த வருட விதை நல்லதாகவே காட்டும். பிள்ளை வளர்ந்து, அது தன் விதைக்கு என்ன அனுப்புகிறது என்று பார்த்தால்தான் குட்டு வெளிப்படும்.

பிறகு ஆண்டறிக்கை அச்சாகி வந்தது. அட்டையில் நான், வலை முனையைப் பிடித்துக்கொண்டு. என் தோளுக்குப் பின்னால் நீல வயல். அதைப் பார்த்ததும் எழுந்து வயலுக்குப் போனேன். அன்று பூக்கிள்ளப் போனது யார் என்று வயல் ஆட்களிடம் ஒவ்வொருவராகக் கேட்டேன். "எந்தப் பூ அக்கா?" என்றார்கள். அன்றைக்கே மூட்டையைப் பிரித்து முந்நூறு விதை எண்ணினேன்.

நீலப்பூ ஒன்றைப் பறித்து ஒரு தட்டில் வைத்து டாக்டர் அறைக்குக் கொண்டு போனேன். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, பூவைக் கண்ணுக்கு அருகில் வைத்துப் பார்த்தார்.

"எத்தனை?"

"பதினேழு சார். முந்நூறுல பதினேழு."

அவர் முகம் செத்துப்போனது. பொய் சொல்லக் கூடாது, அந்த நிமிடம் எனக்கு அவர்மேல் இரக்கமாகத்தான் இருந்தது. பதினெட்டு வருட உழைப்பு. மூன்று மாதத்தில் ஓய்வு. பிறகு அவர் வாயைத் திறந்தார், இரக்கம் போய்விட்டது.

"நூத்துக்கு ஆறு கூட இல்லையேம்மா. வயல்ல பூக்கும்போது நீலத்தை மட்டும் பிடுங்கிடச் சொல்லிடலாம்."

"யாரு பிடுங்கறது?"

"விவசாயிங்கதான்."

"மழை தப்பின வருஷத்துல, காய் பிடிக்கிற செடியை, பசியில இருக்கறவன் பிடுங்கிப் போடுவானா சார்? அதுவும் பூ விரியற அன்னிக்கே பிடுங்கணும். ஒரு நாள் விட்டா தேனீ பக்கத்துச் செடிக்குப் போயிடும். இந்த வருஷம் ஆறு, அடுத்த வருஷம் எத்தனை?"

"ரெண்டு வருஷத்துல சுத்தமான விதை திரும்பக் கொடுத்துடலாம்."

"அப்ப நீங்க இங்க இருக்க மாட்டீங்களே சார்."

அவர் மேசையில் துண்டுப் பிரசுரங்கள் கட்டுக்கட்டாக இருந்தன. விதை மூட்டையோடு கொடுப்பதற்கு அச்சடித்தவை. மேலே கொட்டை எழுத்தில்: "ஊறவைக்கத் தேவையில்லை! தண்ணீரைக் கொட்டத் தேவையில்லை! அப்படியே வேகவையுங்கள்!"

இந்த வரியின் அருமை சமையல் செய்கிறவர்களுக்குத்தான் புரியும். பழைய பருப்பை யாரும் அப்படியே சமைப்பதில்லை. நிறையத் தண்ணீரில் ஊறப்போட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டி, மறுபடி ஊறப்போட்டு, மறுபடி கொட்டி, பிறகுதான் அடுப்பில் ஏற்றுவார்கள். நஞ்சில் பெரும்பகுதி தண்ணீரோடு போய்விடும். பஞ்ச வருடத்தில் கொட்டுவதற்குத் தண்ணீர் இல்லாமல்தான் கால்கள் போயின. எங்கள் ரகத்தை எல்லோரும் ஆசையோடு எதிர்பார்த்ததே அந்த இரண்டு குடம் தண்ணீருக்காக.

"சார், விதையை நிறுத்த வேணாம்," என்றேன். "பழசுக்கு இது எவ்வளவோ மேல். இந்த ஒரு வரியை மட்டும் எடுத்துடுங்க. ஊறவைக்கணும்னு போடுங்க. நீலப்பூவைப் பத்தி ரெண்டு வரி போடுங்க. போதும்."

"அந்த ஒரு வரிக்காகத்தாம்மா நான் பதினெட்டு வருஷம் உழைச்சேன்," என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. எனக்கு அதைப் பார்க்கப் பற்றிக்கொண்டு வந்தது. அழ வேண்டியவர்கள் வேறு எங்கேயோ நிம்மதியாக இருந்தார்கள்.

அங்கிருந்து நேராக டைரக்டர் அறைக்குப் போனேன். டைரக்டர் குரலை உயர்த்தவே மாட்டார். கத்துகிறவராக இருந்தால் நானும் கத்தியிருப்பேன், கொஞ்சம் பாரம் இறங்கியிருக்கும். நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். பிறகு ஒவ்வொன்றாகக் கேட்டார்.

"விதையில நஞ்சு இல்லைன்னு அறிக்கை கொடுத்தது யாரு?"

"நான்தான் சார். அது தாய்ச்செடியோட அளவு. இந்தப் பதினேழும் காய்ச்சாத்தான் உண்மை தெரியும்."

"எப்போ காய்க்கும்?"

"அம்பது நாள் ஆகும்."

"விதை வழங்கற விழா என்னிக்கு?"

"எட்டு நாள்ல."

"அப்ப உங்க கையில இருக்கறது பதினேழு பூ. வேற ஒண்ணும் இல்ல." அவர் குறிப்பேட்டைத் தருவித்தார். பக்கத்தைத் தேடி எடுத்து, எனக்குத் தெரியும்படி திருப்பி வைத்தார். "பூக்கள் அனைத்தும் நீக்கப்பட்டன. இது யாரு கையெழுத்து?"

"என்னுது."

"அப்ப நீக்கலையா?"

"இல்ல சார்."

"அப்ப பொய்யா எழுதியிருக்கீங்க."

"ஆமா சார். எல்லாரும் அப்படித்தான் எழுதறோம்."

"எல்லாரையும் நான் கேக்கல. இந்தப் பக்கத்துல இருக்கறது உங்க கையெழுத்து." நோட்டை மூடினார். "பொய்க் குறிப்பு எழுதினா என்ன நடவடிக்கைன்னு உங்களுக்கே தெரியும். இத்தனை வருஷ சர்வீஸ். வீட்டுக்குப் போய் நிதானமா யோசிங்க. பிரசுரம் அச்சாயிடுச்சு. அது அப்படியேதான் போகும்."

நிதானமாம். பஸ்ஸில் வரும்போது ஜன்னல் கம்பியை நான் பிடித்திருந்த பிடியில், பக்கத்திலிருந்த அம்மாள் எழுந்து வேறு இடத்துக்குப் போய்விட்டார்.

வீட்டுக்குள் நுழையும்போதே அண்ணனிடமிருந்து போன். எனக்கு நாற்பத்தொரு வயதாகிறது, அவனுக்கு நான் இன்னும் பாப்பாதான்.

"பாப்பா, புது விதைக்கு நம்ம ஊர் இருபத்தேழு வீடும் ஒத்துக்கிச்சு. பழைய விதை ஒரு பொட்டு விடாம லாரியில ஏத்தியாச்சு. சும்மா ஒத்துக்கிட்டாங்கன்னு நினைக்காத. உன் படம் போட்ட புத்தகத்தைத் தூக்கிட்டு வீடு வீடாப் போனேன். என் தங்கச்சி வலை பிடிச்சு வளத்த விதைடா இது, அவ சோதிச்சுக் கையெழுத்துப் போட்டிருக்கான்னு சொன்னேன். அதுக்கப்புறம்தான் வாயை மூடினானுங்க."

பழைய விதையை ஒப்படைத்தால்தான் புது விதை என்பது திட்டத்தின் விதி. பழையது வயலில் இருந்தால் கலந்துவிடும் என்று நாங்கள்தான் அந்த விதியை எழுதினோம். ஆக, அவர்களிடம் இனி விதைக்க வேறு எதுவும் இல்லை.

"உங்க அண்ணி ஊறவைக்கிற அண்டாவை இப்பவே கவுத்து வச்சுட்டா," என்று சிரித்தான். "என்னடி பேச்சு மூச்சையே காணோம்?"

"ஒண்ணுமில்ல அண்ணா. வேலை அசதி," என்றேன். போனை வைத்துவிட்டு, என்னை நானே கேட்கக் கூசுகிற வார்த்தைகளில் திட்டிக்கொண்டேன். டைரக்டர் முன்னால் வராத பயம் எனக்கு அவன் குரலைக் கேட்டதும் வந்தது.

மறுநாள் காலை ஒரு வெள்ளைத் தாளில் நடந்ததை நடந்தபடி எழுதினேன். வலை எத்தனை மணிக்குத் திறந்தது, எத்தனை மணிக்கு மூடியது, நோட்டில் நான் எழுதியது பொய், முந்நூறில் பதினேழு, பிரசுரத்தின் முதல் வரியை நீக்க வேண்டும். டைரக்டருக்கு ஒரு பிரதி, டாக்டருக்கு ஒன்று, விதைச் சான்று வாரியத்துக்கு ஒன்று. மதியத்துக்குள் என்னைத் தற்காலிகமாக நீக்கிய உத்தரவு வந்துவிட்டது. அதைத் தட்டச்சு செய்யும் வேகத்தில் ஒரு பிரசுரத்தையே திருத்தியிருக்கலாம். ஆய்வுக்கூடச் சாவியை வாங்கிக்கொண்டார்கள்.

சாப்பாட்டு டப்பாவை எடுக்கக் கண்ணாடி அறைப் பக்கம் போனேன். வாசலில் தோட்டக்காரர் நின்றிருந்தார்.

"மஞ்சக்கா, உங்க சிவப்பு நூல் செடியெல்லாம் போச்சு."

"எல்லாமேவா?"

"நூல் கட்டினது மட்டும். மத்ததெல்லாம் அப்படியே இருக்கு. நம்ம பயறு டாக்டர்தான். என்கிட்டக்கூடச் சொல்லல, தன் கையாலயே ஒண்ணொண்ணாப் பிடுங்கினாரு."

என் தலைக்குள் ஏதோ வெடித்தது. நம்பாதவர் எதற்குப் பிடுங்க வேண்டும்? நான் சொன்னது உண்மை என்று அந்த நிலையத்திலேயே மிக நன்றாகத் தெரிந்தவர் அவர்தான். பசியில் இருக்கிறவன் பிடுங்குவான் என்று சொன்ன மனிதர், வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு வந்து பதினேழையும் பிடுங்கியிருக்கிறார். நடைவழியில் அவரைப் பார்த்தேன். கை நகத்தில் மண் இருந்தது. "நல்லா பிடுங்கினீங்க சார்," என்று மட்டும் சொன்னேன். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு போனார்.

வாரியம் பதில் எழுத எத்தனை மாதமாகுமோ. விழாவுக்கு ஏழு நாள்தான் இருந்தது. அண்ணன் ஊருக்கு ஏழு மணி நேரப் பயணம். போனில் அவனிடம், "எல்லாரையும் ஒரு இடத்துல கூட்டி வை, நான் வந்து பேசணும்," என்றேன். அவன் என்னவோ பாராட்டு விழா என்று நினைத்துக்கொண்டு பள்ளிக்கூடக் கூடத்தில் நாற்காலி எல்லாம் போட்டு வைத்திருந்தான்.

இருபத்தேழு வீட்டிலிருந்தும் வந்திருந்தார்கள். அண்ணன் முன்வரிசையில், இரண்டு கோலையும் மடியில் வைத்துக்கொண்டு, என்னை எல்லோருக்கும் காட்டுவது போல உட்கார்ந்திருந்தான். நான் உட்காராமல் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அழகாகச் சொல்ல முயலவில்லை. வலை, தேனீ, நோட்டு, பதினேழு.

பால் ஊற்றுகிற ஒருவர் முதலில் எழுந்தார். "அப்ப இது விஷ விதையா?"

"இல்ல. நூத்துல ஆறு செடி பழைய மாதிரி இருக்கலாம். போகப் போகக் கூடும். உங்க பழசு நூத்துக்கு நூறும் அப்படித்தான். ஆனா பழசை நீங்க பயந்து ஊறவச்சீங்க. இதை நம்பி ஊறவைக்க மாட்டீங்க. அதைத் தடுக்கத்தான் வந்தேன். விதைங்க. ஆனா ஊறவைங்க. ரெண்டு தடவை தண்ணியைக் கொட்டுங்க. வேற தானியத்தோட கலந்து சாப்பிடுங்க. நீலம் பூத்தா அன்னிக்கே பிடுங்கிடுங்க."

"எங்க பழைய விதையைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லு!" என்று பின்னாலிருந்து ஒருவர் கத்தினார்.

"மாட்டுத் தீவனத்துக்கு அரைச்சுட்டாங்க."

அப்புறம் கூடம் கொதித்தது. என்னைச் சொன்னார்கள், நிலையத்தைச் சொன்னார்கள், படித்தவர்கள் எல்லோரையும் சேர்த்துச் சொன்னார்கள். எதுவும் அதிகமில்லை. கைக்குழந்தையோடு இருந்த ஒரு பெண் எல்லோரும் ஓயும்வரை காத்திருந்து கேட்டாள். "பூவைக் கிள்ளலைன்னு தெரியாமலா கிள்ளினதா எழுதினீங்க? எதுக்கு எழுதினீங்க?"

மேலதிகாரி சொன்னார் என்று சொல்லலாம். வழக்கம் என்று சொல்லலாம். இரண்டும் உண்மைதான்.

"பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு," என்றேன்.

அண்ணி சுவரோரமாக நின்றிருந்தாள். இப்போது கேட்டாள். "கிள்ளியிருந்தா எவ்வளவு நேரமாகியிருக்கும்?"

"ரெண்டு மணி நேரம் அண்ணி."

"நான் தண்ணிக்குப் போயிட்டு வர அவ்வளவு நேரம்தான் ஆகும்," என்றாள். "தினமும்." முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

கூட்டம் கலைந்தது. விதைப்பது என்றும் ஊறவைப்பது என்றும் முடிவாயிற்று. வேறு என்ன முடிவு எடுக்க முடியும்? அண்ணன் என் பக்கம் திரும்பவே இல்லை. நான் பையை எடுத்துக்கொண்டு தனியாக பஸ் நிறுத்தத்துக்கு நடந்தேன்.

அங்கே உட்கார்ந்து கொஞ்ச நேரத்தில், தூரத்தில் அவன் வருவது தெரிந்தது. கோலை முன்னால் வைத்து, உடம்பை இழுத்து, மறுபடி கோலை வைத்து. அந்தத் தூரத்தைக் கடக்க அவனுக்குக் கால் மணி நேரம் ஆயிற்று. நான் எதிரே போகவில்லை. போனால் கோலாலேயே போட்டிருப்பான். வந்து என் முன்னால் நின்று மூச்சு வாங்கினான். முகம் சிவந்திருந்தது.

"பஞ்சம்னாங்க," என்றான். "தலையெழுத்துன்னாங்க. கொடுத்து வச்சது அவ்வளவுதான்னாங்க. முப்பத்திரண்டு வருஷமா இந்தக் காலுக்கு யாரைத் திட்டுறதுன்னே தெரியாம வாயை மூடிக்கிட்டு இருந்தேன் பாப்பா. வானத்தையா திட்டறது? இப்ப ஆள் கிடைச்சிருக்கு. பேரு, வேலை, கையெழுத்து எல்லாத்தோடயும் கிடைச்சிருக்கு. கடைசியில பாத்தா என் கூடப் பிறந்தவ."

"திட்டு அண்ணா," என்றேன்.

திட்டினான். வானத்துக்காகச் சேர்த்து வைத்திருந்ததையும் சேர்த்துத் திட்டினான். நிறுத்தத்தில் இருந்த மற்றவர்கள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்கள். நான் ஒன்றுக்கும் மறுப்புச் சொல்லவில்லை. பஸ் வளைவில் திரும்பியதும் அவனே நிறுத்தி, தோளால் வாயைத் துடைத்துக்கொண்டான்.

"பூக்கிறப்ப வா," என்றான். "இருபத்தேழு வீட்டு வயல். தினமும் காலையில ஒவ்வொரு வரிசையாப் பாத்து நீலத்தைப் பிடுங்கணும். பிடுங்கணும்னா குனியணும். எனக்குக் குனிய வராது."

"வர்றேன் அண்ணா."

"வர்றேன்னு சொல்லாத," என்றான். "வா."